வலிக்கவில்லை என்றான் அய்யாக்கண்ணு

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. என் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை.

1908ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். அய்யாக்கண்ணு சிராங்கூன் ரோட்டில் மாட்டுவண்டி ஓட்டுகிறவன். மூட்டை தூக்கும்போது குடல் இறங்கி, திரும்ப உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டது. அன்றைக்கே அறுக்காவிட்டால் குடல் அழுகி ஆள் போய்விடுவான். மூச்சிளைப்பு நோய்க்காரன் என்பதால் குளோரோபாரம் கொடுத்து மயக்கவும் முடியாது. நரம்பை மட்டும் மரக்கச் செய்யும் கொக்கெய்ன் ஊசியைப் போட்டு, அவன் விழித்திருக்கும்போதே அறுப்பது என்று துரை டாக்டர் முடிவு செய்தார்.

“மருந்து கூடினால் இதயம் நின்றுவிடும், தில்லையம்பலம்,” என்றார் என்னிடம். “வலிக்கிறது என்று அவன் சொன்னால் மட்டுமே அடுத்த ஊசி. கேட்டுக் கேட்டுச் சொல்.”

நான் அந்த ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர். டாக்டருக்கும் தமிழ் நோயாளிகளுக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்வதும் நான்தான்.

மேசையில் கிடந்தவனுக்குக் கை கால் உதறியது. மணிக்கட்டில், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கக் கட்டிய மஞ்சள் காப்பு. தைரியம் சொல்கிறேன் பேர்வழி என்று, “பயப்பிடாதையும். தீ மிதிக்கிற ஆள்தானே நீர்? அப்பிடி நினைச்சுக்கொண்டு கிடவும்,” என்றேன்.

உதறல் நின்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தோலை அறுத்தபோது சிக்கல் இல்லை. கத்தி ஆழமாக இறங்கியதும் டாக்டர் என்னைப் பார்த்தார்.

“நோகுதோ?” என்று கேட்டேன்.

“இல்லீங்க,” என்றான். அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன்.

இன்னும் ஆழம். “இப்ப?”

“ஆத்தா புண்ணியத்துல ஒண்ணுமில்லீங்க.”

சொன்னவனின் கால் பெருவிரல்கள் மடங்கி இறுகியிருந்தன. நெற்றி வியர்வை காதுக்குள் ஓடியது. என் கையைப் பிடித்திருந்த பிடியில் எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காப்புக் கட்டியவன் சுடுகிறது என்று சொல்லமாட்டான். சொன்னால் விரதத்தில் குறை, ஆத்தாளுக்கு அவமானம். அடுத்து, சிக்கிய குடலை விடுவிக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் உடம்பு ஒரு துள்ளு துள்ளினால் கத்தி குடலில் பாயும். பிறகு பிழைக்கமாட்டான்.

“உண்மையைச் சொல்லும்! நோகுதெண்டால் நோகுதெண்டு சொல்லும்!” என்று அவன் காதில் சீறினேன்.

“இல்லீங்க.” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

கத்தியை நிறுத்தி, “என்ன சொல்கிறான்?” என்றார் டாக்டர்.

பதினோரு வருஷத்தில் நோயாளி சொன்னதை ஓர் எழுத்துக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை. அதில் எனக்குத் தலைக்கனமே உண்டு. இப்போது என் கண் பார்த்தது தப்பென்றால், கூடுதல் மருந்தால் இவனைக் கொன்றவன் நான்.

“மிகவும் வலிக்கிறதாம், ஸார்,” என்றேன் இங்கிலீஷில்.

காயத்துக்குள் வெள்ளை நூல் போலத் தெரிந்த நரம்பைத் தேடிப் பிடித்து டாக்டர் ஊசியை ஏற்றினார். நான் நாடியில் விரலை வைத்தேன். அது தடதடத்தது, தடுமாறியது, பிறகு மெல்லச் சீரானது. கால் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

“ஐயா, நெசமாவே ஒண்ணும் தெரியலீங்க!” என்றான் அய்யாக்கண்ணு, கண்ணை அகல விரித்து. குடல் கறுக்காமல் உள்ளே போய்ச் சேர்ந்தது.

மாலையில் வார்டுக்குப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“நான் இல்லேன்னுதான சொன்னேன்? அப்புறம் ஏன் ஊசி போட்டாரு? நீங்க என்ன சொன்னீங்க?”

“நோகுதெண்டு சொன்னன். சொன்னது என்ர வாய், உம்மட வாய் இல்லை. பாவமெண்டால் அது எனக்கு.”

மணிக்கட்டுக் காப்பைத் தடவிக்கொண்டான். மருந்தின் வேகம் தணிந்துவிட்டது போலும். போர்வைக்கு வெளியே அந்தப் பெருவிரல்கள் மறுபடி மடங்கத் தொடங்கியிருந்தன.

“எனக்கு ஒண்ணும் வலிக்கலீங்க, ஐயா,” என்றான். கண்ணீர் காதோரம் வழிந்தது. “ஆனா, அந்தப் பொய்ய டாக்டர்கிட்ட இன்னொரு தடவ சொல்லிடுங்களேன்.”