நாகப்பன் சார் எழுதிய பதில்கள்

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில், ஒரு டயர் கிடங்கை ஒட்டி மகாமேரு பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கல்வி மையம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை அங்கே ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒன்பது நாளில் மதிப்பீட்டுக் குழு வருகிறது, இணையவழிப் பட்டப்படிப்புகள் விதிப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும், இணைப்பில் உள்ள நூற்று நாற்பத்து மூன்று கேள்விகளுக்கும் சான்றுகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

இயக்குநர் டாக்டர் வனமாமலை அதை இரண்டு முறை படித்தார். முதல் வேலையாகப் பூங்கொத்துக்குச் சொன்னார். பிறகு உதவிப் பதிவாளர் எழிலரசனைக் கூப்பிட்டார்.

எழிலரசன் பென்னலூர்க்காரன். குடும்பத்து நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின் மிஞ்சிய மனையில் மாடி எழுப்பி, கம்பெனி ஆட்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள். மையத்தில் அவனுக்கு மூன்று வருடமாக ஒரே வேலைதான். சேரும் மாணவர்களின் புகைப்படத்தில் இரண்டு காதும் தெரிகிறதா என்று பார்ப்பது. மாணவர்கள் நாலாயிரம் பேர். பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்து சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களும் ஆண்களும். பி.காம்., பி.பி.ஏ. படித்தார்கள், அதாவது, படிப்பதாகப் பதிவேட்டில் இருந்தது.

"எண்பத்தேழாவது கேள்வியைப் பாரு எழில்" என்றார் வனமாமலை. "விவாத மன்றத்துல மாணவர் கேட்கிற சந்தேகத்துக்கு வழிகாட்டி இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள பதில் சொல்றாரான்னு கேட்கறாங்க. நம்மகிட்ட மன்றம்னு ஒண்ணு இருக்கா?"

"கீது சார். சாஃப்ட்வேர் கம்பெனி குடுத்தது. யாரும் தொறந்து பாத்ததில்ல."

"காலியா இருந்தா நீயே நாலு கேள்வி, நாலு பதில் போட்டுடு."

எழிலரசன் தன் மேசைக்குப் போய் மன்றத்தைத் திறந்தான். பதினெட்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் பதிவுகள் இருந்தன. முதலில் வைரஸ் என்று நினைத்தான். படிக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

'வணிக நெறிமுறைகள்' என்ற பாடத்தின் கீழ் மாணவர்கள் வாடகை அறை தேடிக்கொண்டிருந்தார்கள். 'மனிதவள மேலாண்மை'யில் எந்தக் கம்பெனியில் ஓ.டி. கட்டாயம், எந்த விடுதியில் சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்ற விவரங்கள். 'சந்தைப்படுத்தல்' பகுதியில் பழைய கட்டில், மிக்ஸி, ஒரு கல்யாணப் பட்டுப்புடவை. ஒரு பதிவைப் பார்த்ததும் அவனுடைய கை நின்றது. 'பென்னலூர்ல எழிலரசன் வூட்டு மாடி ரூம் யாரும் எடுக்காதீங்க. தண்ணி ஒரு நாள் வுட்டு ஒரு நாள். ஹவுஸ் ஓனரம்மா நாம எத்தினி பக்கெட் புடிக்கிறோம்னு எண்ணிக்கினே கீது.' நாற்பத்தோரு பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். அன்று மாலை அவன் அம்மாவிடம் மோட்டாரைப் பற்றிப் பேச்செடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

'அடக்கவிலைக் கணக்கியல்' பகுதிக்கு வந்தபோது மட்டும் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே பாடம் நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பெண், சாதாரண நட்டத்துக்கும் அசாதாரண நட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தாள். பதில் பத்து நிமிடத்தில் வந்திருந்தது.

'ஏட்டி, பயப்படாத. நம்ம லைன்ல ஆயிரம் வயர் வெட்டுனா இருபது வீணாப் போகும்னு கம்பெனிக்கு முன்னாடியே தெரியும்லா? அது சாதாரண நட்டம். அதை நல்ல வயரோட வெலையிலயே சேத்துருவாங்க. சூப்பர்வைசர் அளவைத் தப்பாச் சொல்லி எரநூறு வீணாப் போச்சுன்னா, கூடப் போன நூத்தி எம்பதுதான் அசாதாரண நட்டம். அதைத் தனியா லாப நட்டக் கணக்குக்குக் கொண்டு போவணும். எனக்கு டீ பிரேக் முடிஞ்சிட்டு. மிச்சம் சாயங்காலம் சொல்லுதேன்.'

எழுதியவள் பெயர் பாண்டிச்செல்வி. ஊர் சங்கரன்கோவில் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு வயரிங் கட்டும் தொழிற்சாலையில் வேலை. அவளும் மாணவிதான், மூன்றாவது வருடம். அவள் எழுதிய பதில்கள் மட்டும் நாலாயிரத்து முந்நூறு இருந்தன. அந்தப் பாடத்துக்கு நியமிக்கப்பட்ட வழிகாட்டி டாக்டர் நாகப்பன். அவர் எழுதிய பதில் ஒன்றுகூட இல்லை.

எழிலரசன் எல்லாப் பகுதியிலும் கொஞ்சம் அச்செடுத்துப் போய் இயக்குநரிடம் காட்டினான். வனமாமலை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கால் மணி நேரம் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அற்புதம். இருபத்து நாலு மணி நேரம் கேட்டாங்க, நம்ம பத்து நிமிஷத்துல குடுத்திருக்கோம்."

"நம்ம எங்க சார் குடுத்தோம்? அந்தப் பொண்ணு இல்ல குடுத்துக்கினு கீது."

"விதியில வழிகாட்டி பதில் சொல்லணும்னு இருக்கு. மாணவி சொன்னா அது விதிமீறல். பேரை மட்டும் மாத்திடு."

"சார்?"

"பாண்டிச்செல்விங்கற இடத்துல டாக்டர் நாகப்பன்னு வரணும். அப்புறம் அந்த ரூம், சாம்பார், பட்டுப்புடவை எல்லாத்தையும் மறைச்சிடு. பதில் தயாரா இருக்கு எழில், ஆள்தான் மாறிப் போச்சு. சரிபண்றோம், அவ்வளவுதான்."

"நாகப்பன் சாருக்கு ஒரு வார்த்த சொல்ல வேணாமா சார்?"

"அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றார் வனமாமலை.

எழிலரசனுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் வேலை நிரந்தரமாகும் கடிதம் வனமாமலையின் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் செய்தான். ஒரே கட்டளையில் நாலாயிரத்து முந்நூறு பதில்களும் டாக்டர் நாகப்பன் பெயருக்கு மாறின.

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் கட்டடத்தையும் மதியச் சாப்பாட்டையும் மதிப்பிட்டார்கள். மூன்றாவது ஆள் பேராசிரியர் சசிரேகா. வணிகவியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பூங்கொத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "எண்பத்தேழு" என்றார்.

எழிலரசன் மன்றத்தைத் திரையில் காட்டினான். பக்கத்தில் வனமாமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சசிரேகா ஒரு பதிவைப் படித்தார், இன்னொன்றைப் படித்தார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம் போனது.

"இவ்வளவு தெளிவா நான்கூட வகுப்புல சொன்னதில்லை" என்றார் கடைசியில். "யார் இந்த நாகப்பன்?"

"மூத்த பேராசிரியர் மேடம். பல வருஷ அனுபவம்" என்றார் வனமாமலை.

"அப்படியா?" சசிரேகா திரையைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார். "'மக்கா, இன்னைக்கு பி ஷிப்ட்டு. கன்வேயர் நின்னாத்தான் பதில் போடுவேன். ரூம்ல எல்லாவளும் குளிச்சு முடிச்சு எனக்குத் தண்ணி கெடைக்கல, தலை வலிக்கி.'" தலையைத் திருப்பினார். "மூத்த பேராசிரியர் எந்த ரூம்ல தங்கியிருக்கார்?"

வனமாமலை தொண்டையைக் கனைத்தார். "மாணவர்களோட மொழியிலேயே பேசறது அவரோட பாணி மேடம். ஒருவித நவீனக் கற்பித்தல் முறை."

"மதுரை நாகப்பன்தானே? கணக்கியல்ல முனைவர் பட்டம்?"

"அவரேதான் மேடம். உங்களுக்குத் தெரியுமா?"

"என்கூடப் படிச்சவர். ரெண்டு வருஷம் முன்னாடி இறந்துட்டார். நான் துக்கத்துக்குப் போயிருந்தேன்."

வனமாமலைக்கு முப்பது வருட நிர்வாக அனுபவம் கைகொடுத்தது. "அவருடைய பங்களிப்பு தொடருது மேடம்" என்றார்.

சசிரேகா எழிலரசன் பக்கம் திரும்பினார். "தம்பி, இதை எழுதினது யாரு?"

எழிலரசன் இயக்குநரைப் பார்த்தான். அவர் பூங்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாண்டிச்செல்வின்னு ஒரு ஸ்டூடண்ட் மேடம். பேரை நான்தான் மாத்தனேன்" என்றான்.

"கூட்டிட்டு வாங்க."

அன்று அவளுக்கு ஏ ஷிப்ட். மதியம் கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தில் எழிலரசன் பைக்கோடு காத்திருந்தான். நீலச் சீருடையில், சோர்ந்த முகத்தோடு இறங்கினாள் பாண்டிச்செல்வி. அவன் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னதுதான் தாமதம், சோர்வு எங்கே போனதென்று தெரியவில்லை.

"நீங்கதானா சார் அது? நாலு நாளா ஒங்க ஹெல்ப்லைனுக்குப் போட்டுப் போட்டு விரலு தேஞ்சிட்டு. எம் பேரை எவன் மாத்துனது? பிள்ளைய எல்லாம் 'யாருக்கா இந்த நாகப்பன், உன்னை மாதிரியே பேசுதான்'னு கேக்கு. ஒருத்தி, நான் கல்யாணம் முடிச்சிட்டேன்னே நெனச்சுட்டா."

"தப்புதாங்க. மேல சொன்னாங்க, செஞ்சிட்டேன். இப்ப வந்து நீங்களே சொல்லிடுங்க."

"சொல்லத்தான போறேன்" என்று வண்டியில் ஏறினாள்.

சசிரேகா அவளை எதிரில் உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். பத்து நிமிடம் பாடத்தில் கேள்வி கேட்டார். பாண்டிச்செல்வி ஒன்றுக்கும் தடுமாறவில்லை. ஓரிடத்தில் பாடநூலில் உள்ள கணக்கே தப்பு என்று காட்டினாள். சசிரேகா பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தார். தப்புதான்.

"எந்த செமஸ்டர்ல இருக்கே?"

"மூணாவது வருசம் மேடம். ஆனா மூணாவது செமஸ்டர் பரீட்சையே இன்னும் எழுத விடல."

"ஏன்?"

"வீடியோவ முக்கால்வாசி பாத்துருக்கணுமாம். நான் பாக்கல. அதுல ஒருத்தர் புத்தகத்தத்தான் வாசிக்காரு. அதுக்கு நானே வாசிச்சிருவேன்லா? இந்தப் பிள்ளைகளுக்குப் பதில் போடவே நேரம் சரியாப் போவுது. எங்க ரூம்ல மத்தவளுக எல்லாம் வீடியோவ ஓட விட்டுட்டு, போன கவுத்து வச்சுட்டுத் தூங்குவாளுவ. அவளுகளுக்கு நூத்துக்கு நூறு."

சசிரேகா எழிலரசனிடம் கேட்டார். "உண்மையா?"

"ஆமா மேடம். பரீட்சைக்கு வுடறதுக்கு சிஸ்டம் வீடியோவ மட்டும்தான் எண்ணும். பதில் சொல்றத எண்ணாது."

சசிரேகா தன் படிவத்தை மேசையில் விரித்தார். எண்பத்தேழாவது கேள்விக்கு நேரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. வழிகாட்டி பதில் சொல்கிறாரா? இல்லை. மாணவர்களுக்குப் பதில் கிடைக்கிறதா என்று கேள்வியே இல்லை. அவர் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். ஒரு பக்கம் முழுக்க எழுதினார். மற்ற இருவரும் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்ததால் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.

அறிக்கை ஒரு மாதத்தில் வந்தது. பின்பக்கத்தை யாரோ ஸ்கேன் செய்ய மறந்திருந்தார்கள். ஆனாலும் முன்பக்கத்தில் சசிரேகா இரண்டு நிபந்தனைகளை நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். உயிரோடு இருக்கும் வழிகாட்டிகளை நியமிக்க வேண்டும். காணொளி வருகை குறைவு என்று நிறுத்திவைக்கப்பட்டவர்கள் தேர்வு எழுத அனுமதிக்கப்பட வேண்டும். இவற்றுக்கு உட்பட்டு ஓராண்டுக்கு அங்கீகாரம்.

வனமாமலை அந்த ஓராண்டு அங்கீகாரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். முனைவர் பட்டம் பெற்ற இரண்டு வழிகாட்டிகள் வந்தார்கள். எந்தச் சந்தேகத்துக்கும் இருபத்து நாலு மணி நேரத்துக்குள், 'பாடநூல், அலகு மூன்றைப் பார்க்கவும்' என்று பதில் போட்டார்கள். எண்பத்தேழாவது கேள்விக்கு நூறு சதவீதம் ஆனது. மன்றத்தில் பாடம் தவிர வேறு எதையும் எழுதக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஒரே மாதத்தில் பாடத்தையும் யாரும் எழுதவில்லை. பாண்டிச்செல்வி ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தாள். அதில் எண்ணூறு பேர் இருந்தார்கள்.

அவள் நிலுவையில் இருந்த எல்லாத் தேர்வுகளையும் ஒரே மூச்சில் எழுதினாள். அடக்கவிலைக் கணக்கியலில் எழுத்துத் தேர்வில் எண்பத்தெட்டு. மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்க வந்த எழிலரசன் அடுத்த கட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அதில் குறைந்தது பாதி எடுத்தால்தான் தேர்ச்சி.

விவாத மன்றப் பங்கேற்பு: பூஜ்யம்.

பதில்கள் இன்னும் நாகப்பன் சார் பெயரில்தான் இருந்தன.

அவன் இயக்குநரிடம் போனான். "இப்ப பேரை மாத்தினா, அப்ப மாத்தினதை ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் வனமாமலை. "ஒரு மாணவிக்காக ஒரு நிறுவனத்தோட பேரைக் கெடுக்க முடியுமா? அடுத்த செமஸ்டர்ல நாலு பதிவு போடச் சொல்லு, மார்க் வந்துடும்."

"அந்தப் பொண்ணு நாலாயிரத்து முந்நூறு போட்டுச்சே சார்."

"அது நாகப்பன் போட்டது."

எழிலரசன் தன் மேசைக்கு வந்தான். நிரந்தரக் கடிதம் இரண்டு வாரம் முன்பே கைக்கு வந்து சட்டைப் பையில்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் செய்திருப்பானா என்று அவனுக்கே நிச்சயமில்லை. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டு, பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னான். மாற்றம் எப்போது நடந்தது, யார் சொல்லி நடந்தது என்ற பதிவையும் எடுத்து, ஒரு பிரதியைச் சசிரேகாவுக்கு அனுப்பினான். மூன்றாம் நாள் அவனை வாகனப் பிரிவுக்கு மாற்றினார்கள். பல்கலைக்கழகப் பேருந்துகளின் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை.

சசிரேகா கேட்ட பிறகு மதிப்பெண் திருத்தி வந்த அன்று அவன் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பாண்டிச்செல்வியிடம் சொன்னான். பங்கேற்புக்குப் பத்துக்குப் பத்து.

"பாஸா?"

"பாஸுங்க."

அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "நாளைக்கே லைன் லீடர் வேலைக்கு எழுதிப் போடுதேன். டிகிரி இருந்தாத்தான் எடுப்போம்னு ஒரு வருசமாச் சொல்லுதாங்க." பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்களை பஸ் செக்சனுக்குத் தூக்கிட்டாங்களாமே?"

"ஆமாங்க. பரவால்ல. எல்லா டயரும் நிஜமாவே கீது."

பாண்டிச்செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். பி ஷிப்ட் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பேசியை எடுத்தாள். யாரோ எதையோ கேட்டிருக்க வேண்டும். பஸ் நகர்வதற்குள் அவள் பதில் எழுத ஆரம்பித்திருந்தாள்.