நடுவாசல் மீன்கள்

காலையில் பார்த்தபோது தொட்டித் தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியிருந்தது. பெரிய ஆரஞ்சு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒரு மீன் செத்தாலும் தொட்டியை எடுத்துவிட்டு நடுவாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவேன் என்று என் வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷர்.

வீட்டை இரண்டாகப் பிரித்த சண்டையில் இவருக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுபோயிற்று. இரண்டு பாதிக்கும் இடையே இருந்த நடுவாசலை அடைக்கக் கொத்தனார் அளவெடுக்க வந்தார். நான்தான் குறுக்கே விழுந்து, சுவருக்குப் பதில் மீன்தொட்டி வைக்கலாம், இரண்டு பக்கமும் வெளிச்சமாக இருக்கும் என்றேன். எனக்கு எதற்கு வெளிச்சம்? நான் கல்யாணமாகி வந்தபோது கொழுந்தன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். தலை வாரிவிட்டு அனுப்பியவள் நான். அவன் முகத்தைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

கொழுந்தன் வெல்டர். இரும்பு ஸ்டாண்டை அவனே அடித்துக் கொண்டுவந்தான். மணலை இவர் கழுவினார், தண்ணீர் தெளியும்வரை விடவில்லை. மீன் விடுவதற்கு முன் வெறும் தண்ணீரையே சில வாரம் ஓடவிட வேண்டும் என்று தொட்டி விற்ற கடைக்காரர் சொன்னதால், இரண்டு வீடும் காலித் தொட்டியை வேடிக்கை பார்த்தது. "ஃபில்டர் சத்தம் போடுதான்னு அண்ணன்கிட்ட கேளுங்க அண்ணி" என்பான் அவன், அண்ணன் பக்கத்திலேயே நிற்கும்போது. சம்பளமில்லாத தபால்காரி ஆனேன்.

தண்ணீர் கலங்கிய அன்று கடைக்காரரை ஓடிவரச் சொன்னேன். அவர் மணலுக்குள் கையைவிட்டு, ஊறி அழுகிய தீனியை அள்ளிக் காட்டினார்.

"யாருங்க இவ்ளோ போடறது?"

"காலையில ஒரு சிட்டிகைதான்" என்றார் இவர்.

தொட்டிக்கு மேலிருந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கத்துக் குரல் வந்தது. "நானும் ஒரு சிட்டிகைதான் போடறேன்."

இவர் கடைக்காரரிடம் முணுமுணுத்தார். "அவனுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது, பாவம் பட்டினி கிடக்குமேன்னு போட்டேன்."

அவனும் இதையே நினைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும்.

"ரெண்டு வீட்டு விருந்து மனுஷனுக்கே தாங்காதும்மா. இனி ஒரு வீடு போட்டா போதும்" என்று பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுக் கடைக்காரர் போய்விட்டார். எந்த வீடு என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

மறுநாள் தண்ணீர் தெளிந்திருந்தது. பெரிய மீன் பிழைத்துக்கொண்டது. இவர் தீனி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு திறக்காமல் நின்றார். அந்தப் பக்கமும் ஒரு டப்பா, திறக்காமலே. மீன்கள் இங்கே வந்து பார்த்துவிட்டு அங்கே போயின, அங்கிருந்து இங்கே வந்தன. இவரை முந்திவிடக்கூடாது என்று அவனும், அவன் போடட்டும் என்று இவரும். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

பொறுக்காமல் கொழுந்தன் கண்ணாடியை விரலால் தட்டினான். மீன்கள் சிதறி ஓடின.

"தட்டாதடா. பயந்துடும்."

வீடு பிரிந்தபின் தம்பியிடம் இவர் பேசிய முதல் பேச்சு அது. பேசிவிட்டோம் என்று அவருக்கே உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"சரிண்ணா" என்றான் அவன்.

அவன் விரலை எடுக்கவில்லை. ஓடிய மீன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, கண்ணாடியில் அந்த விரல் பதிந்த இடத்தை உள்ளிருந்து கொத்திப் பார்த்தன.