ஓர் ஆள் பாரம்

ஜப்பானின் நுமாட்டாவில் கனாய் தோமியோவைப் பற்றி விசாரித்தால், "அந்தச் சிவப்புக் காரா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஆளைவிட வண்டிக்குத்தான் ஊரில் பேர். முப்பது வயதான, இரண்டே இருக்கை கொண்ட, கூரை மடங்கும் கார். குடிநீர்த் துறையில் நாற்பது வருடம் குழாய் உடைப்பை அடைத்துவிட்டு ஓய்வு பெற்றவருக்கு இப்போது அதை விட்டால் பேச்சுத்துணை இல்லை. மனைவி சயோகோ, பேரனைப் பார்த்துக்கொள்ள செண்டாயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் மூன்று வருடமாகிறது. பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். அவள் திரும்பி வரவில்லை. சண்டை என்று ஒன்று நடந்திருந்தாலாவது சமாதானம் பேசப் போகலாம். அதுவும் நடக்கவில்லை.

வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் காரின் பின்பக்கம் கிரீச்சென்று முனகும். "சரி, சரி" என்று அதற்குப் பதில் சொல்கிற அளவுக்கு வந்திருந்தார் கனாய். போன வாரம் மழையில், அணைக்கட்டு வளைவில் காரின் பின்பக்கம் பக்கவாட்டில் வீசிவிட்டது. பயந்துபோய் மெக்கானிக் ஹோஷினோவின் பட்டறைக்கு வந்தார்.

ஹோஷினோவுக்கு வாயும் ஓயாது, கையும் ஓயாது.

"பின் சக்கர மூட்டுல அதிர்ச்சி தாங்குற ரப்பர் புஷ் அத்தனையும் போச்சு, கனாய் சான்."

"அடுத்த மாசம் அரசாங்கப் பரிசோதனை இருக்கு. தேறாதா?"

"வண்டி தேறிடும். மழையில நீங்க தேறணுமே."

"மாத்தாம விட்டா?"

"சத்தம் போடும்."

"சத்தம் போட்டா பரவாயில்ல."

ஹோஷினோ அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கூச்சப்பட்டே கனாய் மாற்றச் சம்மதித்தார்.

மறுநாள் போனபோது பழைய புஷ்களைக் கழற்றி மேசையில் பரப்பி வைத்திருந்தார் ஹோஷினோ. எல்லா ரப்பரும் ஒரே பக்கமாகக் கிழிந்திருந்தன.

"இது வயசாகிக் கெட்டதில்ல. வண்டியத் தூக்கி வெச்சு, சக்கரம் அந்தரத்துல தொங்கும்போதே எந்த மகராசனோ போல்ட்ட இறுக்கியிருக்கான். சக்கரம் தரையில உக்காந்த அன்னிக்கே ரப்பர் முறுக்கிக்கிச்சு. கழுத்து சுளுக்கோடவே காலம்பூரா ஓடியிருக்கு, பாவம்."

அந்த மகராசன் கனாய்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் தன் வீட்டுக் கொட்டகையில் தானே மாட்டியது. சயோகோ ஒரு கையில் விளக்கும் மறு கையில் காரின் செய்முறைப் புத்தகமுமாக நின்று, 'சக்கரத்தைத் தரையில் இறக்கி, ஆள் பாரம் ஏற்றிய பிறகே இறுக்கவும்' என்று வாசித்தாள். "நீ விளக்கப் பிடி, போதும்" என்றார் இவர். போல்ட் விஷயத்தில் மட்டுமா அப்படிச் சொன்னார்? முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

"இந்தத் தடவ முறையா செஞ்சுடுவோம். வழக்கமா வண்டியில எத்தன பேரு?" என்று கேட்டார் ஹோஷினோ.

"ரெண்டு பேரு."

பொய் தானாக வந்து விழுந்தது. ஊருக்கே தெரிந்தது ஹோஷினோவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் அவர் மறுபேச்சில்லாமல் அடியில் நின்று வேலை பார்க்கும் குழியின் மேல் காரை நிறுத்தி, பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு மூட்டைகள் இரண்டைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தார்.

"அம்பது கிலோ. உங்க வீட்டம்மாவுக்குச் சரியா இருக்குமா?"

கனாய்க்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. அது அவருக்குச் சுருக்கென்றது. வெளியே போய்ச் செண்டாய்க்குப் போன் போட்டார்.

"உடம்புக்கு ஏதாச்சுமா?" என்றாள் சயோகோ, எடுத்தவுடனே.

"இல்ல. நீ எத்தன கிலோ?"

"எட்டு மாசம் கழிச்சுப் போன் பண்ணிக் கேக்குற கேள்வியா இது?"

அவர் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார். பிறகு, "அன்னிக்கு நீ வாசிச்சது சரி. நான்தான் கேக்கல. மன்னிச்சுக்க" என்றார்.



"விளக்கப் பிடிச்சுக் கை கடுத்தது, அதான் ஞாபகம் இருக்கு" என்றாள். பிறகு, "நாப்பத்தாறு கிலோ. இளைச்சுட்டேன்" என்றாள்.

நாலு கிலோ குறைக்கச் சொல்ல, போனும் கையுமாகக் கனாய் பட்டறைப் பக்கம் திரும்பினார்.

"ஆனா என் பாரத்த வெக்க வேணாங்க. நான் வந்து உக்காரப்போறதில்ல. ஆளில்லாத எடத்துக்கு இறுக்கினா ரப்பர் மறுபடியும் முறுக்கிக்காதா?"

"கொஞ்சம் முறுக்கிக்கும்."

"அப்ப ஒத்த ஆளுக்கே இறுக்கச் சொல்லுங்க. இந்தத் தடவயாச்சும் நான் சொல்றதக் கேளுங்க."

கேட்டார். உள்ளே போய், "ஒரு ஆள்தான்" என்றார். ஹோஷினோ வாயே திறக்காமல் மூட்டைகளை இறக்கி வைத்தார். கனாய் தன் இருக்கையில் ஏறி, அசையக் கூடாதென்று சொன்னபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடியில் குழிக்குள் ஒவ்வொரு போல்ட்டாக இறுகும் சத்தம் கேட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது அணைக்கட்டு வளைவு வந்தது. முனகலுக்குப் பதில் சொல்லப் பழக்கத்தில் வாயைத் திறந்தார். எந்தச் சத்தமும் இல்லை. கார் பிசிறில்லாமல் வளைந்து நேரானது. அது நேராக ஓட அவர் ஒருவரே போதும் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.