ரிஸ்மியின் இடது கிராங்க்

கம்பளைக்கு மேலே, தேயிலை ஓரத்துச் சரிவில் இருந்த ரிஸ்மியின் வீடு, அவனுடைய மவுண்டன் சைக்கிளின் இடது கிராங்க் தளரும்போதெல்லாம் ஒரு சாண் கீழே இறங்கியது. கிராங்க் என்றால் பெடலை அச்சோடு சேர்க்கிற இரும்புக் கை, மிதித்தவர்களுக்குத் தெரியும். பெற்றோல் கிடைக்காத வருடத்தில் வாங்கிய சைக்கிள் அது. டவுனில் போன் திருத்தும் தன் கடைக்கு அவன் அதில்தான் போய்வந்தான். முதல் தடவை கிராங்க் ஆடியபோது கழற்றி, அச்சுக்குத் தாராளமாகக் கிறீஸ் பூசிப் பூட்டினான். இந்த மழை ஊரில் கதவுத் தாழ்ப்பாள் முதல் குடைக்கம்பி வரை எண்ணெய் காட்டாமல் வைப்பவர் யார்? ஆனால் அந்தச் சதுர அச்சு காய்ந்திருந்தால்தான் பிடிக்கும். வழுக்கி வழுக்கிக் கிராங்கின் துளை தேய்ந்தது. ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால், வாசற்படி ஓரிடத்திலும் வாசல் ஓரிடத்திலுமாக இருந்தன.

ஊரார் முதலில் மண்சரிவு என்றார்கள். பிறகு அவர்களே பார்த்துவிட்டார்கள்: கிராங்கின் நட்டை இறுக்கினால் வீடு நிற்கும், தளர்ந்தால் இறங்கும். அரிசி விலையைக் கேட்பதுபோல, “இண்டைக்கு எவ்வளவு எறங்கிச்சு?” என்று பஸ்ஸில் கேட்டார்கள். ரிஸ்மிக்குத்தான் சோறு இறங்கவில்லை. வீட்டில் மனைவி ஆஸிகாவும் கைக்குழந்தையும். நேர் கீழே வீரய்யா, வேலாயி தம்பதியின் தகரக் கூரை. வீரய்யாவோ கால் முறிந்து படுக்கையில் கிடந்தார். “தொள தேஞ்சு போச்சு, இனி எவ்வளவு இறுக்கியும் வேலயில்ல. புதுசு கொழும்புல இருந்து வரணும்” என்று பிலிமத்தலாவைச் சைக்கிள் கடை அஷ்பாக் கைவிரித்தார். ஓட்டாமல் தொங்கவிட்டும் பார்த்தாயிற்று. தொங்கிய இடத்திலேயே நட்டு தானாகச் சுழன்று கழன்றது. ஆகவே போகுமிடமெல்லாம் சைக்கிளும் ஸ்பெனருமாகத் திரிந்தான்.

அடைமழைக் காலம் வந்தது. கடையிலிருந்து திரும்பும் ஏற்றத்தில் நட்டு தெறித்துச் சாக்கடைக் கானுக்குள் விழுந்து வெள்ளத்தோடு போயிற்று. ரிஸ்மி தெருவோரத்தில் குந்தி, கிராங்கை அச்சில் செருகி, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திக்கொண்டான். அவ்வழியே வந்த த்ரீவீல்கார ஷப்ராஸ் ஆஸிகாவுக்குக் கோல் எடுத்துப் போனை அவன் காதில் வைத்தான்.

“வீடு ஆடி ஆடி நிக்கிது. கைய எடுத்துராதீங்க!” என்றாள் அவள்.

“புள்ளயத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடு.”

“நாங்க வெளிய வந்துட்டோம். வேலாயி அக்காதான் வரமாட்டேங்கிறாங்க.”

சரிவின் கீழிருந்து வேலாயி கத்துவது போனில் கேட்டது. “மனுசன இப்புடியே போட்டுட்டு எப்புடி தாயி வர்றது?”

ஆஸிகா குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டுச் சரிவில் இறங்கினாள். அதன்பின் போனில் மழை மட்டும் இரைந்தது. ரிஸ்மியின் உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது. “நான் பிடிக்கிறன், ரிஸ்மி நானா” என்று ஷப்ராஸ் கெஞ்சினான். கைமாறும் நொடியில் மேலே என்ன ஆகுமோ என்ற பயத்தில் ரிஸ்மி விடவில்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர அவன் வாயில் வேறு சொல் வரவில்லை.

கடைசியில் ஆஸிகா மூச்சிரைக்கப் பேசினாள். “வீரய்யா அண்ணனத் தூக்கிட்டு வந்துட்டோம். எல்லாரும் ரோட்டுல. கைய எடுங்க.”

“மெய்யாவா? புள்ள?”

“என் கையில ஈக்கிது. எடுங்க. போனாப் போகட்டும்.”

அவன் விரல்கள் விரிய மறுத்தன. ஷப்ராஸ்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். தகரமும் ஓடும் சுவரும் சேர்ந்து போகிற சத்தத்தை ரிஸ்மி போனில் முழுவதும் கேட்டான். இரண்டு வீடுகளும் போயின. ஆள் ஒருவரும் போகவில்லை.

இப்போது இரு குடும்பங்களும் டவுனில், சமதரையில், பக்கத்துப் பக்கத்து அறைகளில் வாடகைக்கு இருக்கின்றன. புதுக் கிராங்க் வந்து, அச்சைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டியாயிற்று. அது ஆடவே இல்லை. ஆனாலும் வானம் இருட்டினால் ஆஸிகா வந்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறாள். அவள் உலை வைக்க எழுந்தால் வேலாயி பிடிக்கிறாள். ஏன் என்று தெருவில் யாரும் கேட்பதில்லை. மழை விடாமல் பெய்தால் தெருக்காரர்களே குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து, “நகருங்க, நான் கொஞ்சம் பிடிக்கிறன்” என்கிறார்கள்.