பாதியில் விலகியவர்கள்

எங்கள் அலுவலகத்தில் நோயாளிகளே கிடையாது. மனநலச் சிகிச்சைகளைப் பற்றி எங்கே யார் ஆய்வு செய்திருந்தாலும் அதை வரவழைத்துப் படித்து, எத்தனை பேர் தேறினார்கள் என்று எல்லாவற்றையும் கூட்டி, அந்தச் சிகிச்சை பலிக்கிறதா என்று சொல்வதுதான் வேலை. ஒரே கட்டுரையை இருவர் தனித்தனியாகப் படிக்க வேண்டும், கடைசியில்தான் ஒப்பிடலாம். எனக்கு வாய்த்த ஜோடிக்குக் கத்தரி என்று பெயர் வைத்திருந்தேன். எதைக் கொடுத்தாலும் கழித்துக்கட்டவே பார்ப்பாள்.

அந்த முறை வந்தது மூச்சுப் பயிற்சி. திடீர்ப் பதற்றம் வருகிறவர்கள் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். முடிவுகள் பிரமாதம். என் அண்ணன் பஸ்ஸில் மூச்சு முட்டி விழுந்ததிலிருந்து வாசற்படி தாண்டாமல் கிடந்தான். ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவள் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? வேலை முடியும்வரை எனக்குப் பொறுமையில்லை. எதிரே உட்கார்ந்து, கூடவே செய்து, அவனுக்கு அந்தப் பயிற்சியைப் பழக்கிவிட்டேன்.

ஆய்விலிருந்து பாதியில் விலகுகிறவர்களிடம் மட்டும் காரணம் கேட்டு, கட்டுரையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் போடுவார்கள். ஒருவர் சொல்லியிருந்தார்: 'நான் விடுவதற்கு முன்பே யாரோ என் மூச்சை விட்டுவிடுகிறார்கள்.' அடுத்த கட்டுரையிலும் அதே வாக்கியம். ஒரே ஆய்வைப் பெயர் மாற்றி இரண்டு முறை வெளியிடுகிற புத்திசாலிகள் எங்கள் துறையில் நிறைய. ஈயடிச்சான் காப்பி என்று திட்டிக்கொண்டே இரண்டையும் ஒன்றாக்கினேன். மூன்றாவதும் நான்காவதும் வந்தபோது யோசிக்கக்கூட இல்லை.

ஒப்பிடுகிற அன்று கத்தரி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நாலையும் ஒண்ணாக்கிட்டியா?"

"வார்த்தைக்கு வார்த்தை அதேதானே?"

"நானும் அப்படித்தான் நெனச்சு, எழுதினவங்களுக்கே போன் போட்டேன். ஒண்ணு கப்பல்ல வேலை செய்றவங்க. ஒண்ணு காலேஜ் பசங்க. ஒண்ணு அப்பதான் பிள்ளை பெத்தவங்க. இன்னொண்ணு நாம பொறக்கறதுக்கு முன்னாடி செஞ்சது. வேற வேற நாடு, வேற வேற பாஷை."

"அப்புறம் எப்படி?"

"தெரியல. கழிக்கறதுக்கு ஒரு காரணமும் கிடைக்க மாட்டேங்குது." அவள் சிரிக்கவில்லை.

"விலகினவங்கதானே அப்படிச் சொல்றாங்க? கடைசிவரை இருந்தவங்க எல்லாரும் தேறிட்டாங்களே!"

"தேறினவங்ககிட்ட யாரு கேட்டா?"

என் அண்ணனும் தேறிக்கொண்டுதான் இருந்தான். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பப் போகிறானாம். காலையில் தனியாகக் கடைத்தெருவரை போய்வந்தானாம். அவன் முகத்தில் இந்தக் களையைப் பார்க்கத்தான் நான் அத்தனை பாடுபட்டேன். அதைக் கெடுக்க மனம் வரவில்லை, ஆனாலும் கேட்டேன்.

"அண்ணா, அந்தப் பயிற்சிய விட்டுடேன்."

"அத நான் எங்க செய்றேன்? இப்பல்லாம் அதுவா நடக்குது. நான் விடறதுக்கு முன்னாடியே விட்டுடுது. மொதல்ல பயமா இருந்துச்சு, அப்புறம் பழகிப்போச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே. தேவலையான்னுதான் தினமும் கேட்ட. தேவலைதானே?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அவன் பக்கத்திலிருந்து மூச்சு விடுகிற சத்தம் நீளமாக வந்தது. அது நின்ற பிறகுதான் அவன் நெஞ்சு தாழ்ந்தது.

"உனக்கு இன்னும் வரலையா?" என்று அக்கறையாகக் கேட்டான். "நீயுந்தானே கூட உக்காந்து செஞ்ச?"

நான் மூச்சை இழுத்து, விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் காதருகே யாரோ நிதானமாக, ஆறு எண்ணும்வரை, அதை விட்டு முடித்தார்கள்.