பக்கச்சுவர் அண்ணி

ஒரு மூலைக்காக வர முடியாது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார். "முழுச் சுவர்னா சொல்லுங்கம்மா, ஆளோட வர்றேன். இந்த ஒரு மூலைக்குக் கரண்டியை எடுத்தா, அதைக் கழுவுற நேரத்துக்குக்கூட எனக்குக் கட்டுப்படியாகாது."

மழைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. எங்கள் வீட்டின் வெளி மூலை, தரையிலிருந்து ஜன்னல் உயரம் வரை, பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிய நின்றது. அதற்கு உள்பக்கம்தான் என் கணவரின் கட்டில். போன மழையில் ஈரம் இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் இருமினார்; இன்னும் அந்த இருமல் முழுசாக விட்டபாடில்லை. இன்னொரு மழையை அந்தச் சுவரோடு தாங்க மாட்டார் என்று டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

"நானே பூசுறேன்" என்றேன்.

"நீயா? கவருக்குப் பசை தடவினாலே பாதி மேஜையில இருக்கும்" என்றார் அவர். நான் பள்ளிக்கூட ஆபீசில் குமாஸ்தா; பசை விஷயத்தில் அவர் சொன்னது உண்மைதான். ஆனால் சிமெண்டுத் தூசு அவருக்கு ஆகாது. வேறு யார் செய்வது?

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. மூலை என்றால் இரண்டு சுவர். முன்சுவர் எங்களுடையது, பக்கச்சுவர் அவருடைய அக்காவுடையது, அதாவது என் அண்ணியுடையது. மாமனார் வீட்டைப் பிரித்தபோது கோடு சரியாக அந்த மூலையில் விழுந்தது. பக்கச்சுவரின் முன்பாதி அண்ணியின் முற்றத்தைப் பார்த்து நிற்கும், பின்பாதியை ஒட்டி அண்ணியின் அறை. அண்ணி தனியாள், புத்தகம் பைண்டிங் செய்து பிழைப்பவர். நானும் அவரும் பேசி நாலு வருஷம். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் குக்கரை இரவல் வாங்கினார். மூடியின் ரப்பர் கேஸ்கட் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். போட்டுத்தான் கொடுத்தேன் என்றார். அப்போ நான் பொய் சொல்றேனா என்றேன். பேச்சு வளர்ந்து, "உங்க சுவர்ல என் நிழல்கூட விழாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். கோபம் வந்தால் எனக்கு வாய் நீளம்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே வேலையைத் தொடங்கினேன். தளர்ந்த பூச்சைக் கொத்தி, சுவரைக் கழுவி நனைத்து, சலித்த மணலில் சிமெண்டைக் குழைத்து, என் பக்கம் மட்டும் பூசினேன். ஓரம் வரை வந்து, நில அளவையாளர் மாதிரி கோட்டில் நின்றேன். கட்டையால் தேய்த்தபோது ஓரம் மொத்தமும் பொத்தென்று கீழே விழுந்தது. மறுபடி பூசினேன். மறுபடி விழுந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து என் கணவரின் குரல்: "தரை நல்லா வந்திருக்கு."

மறுநாளும் அதே கதை. அன்று அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

மூன்றாம் நாள் காலை வாளியோடு போனால், பக்கச்சுவரில் நேரான மரச்சட்டம் ஒன்று நிற்கிறது. மூலையைத் தாண்டி, பூச்சின் கனத்துக்கு ஒரு விரல் அளவு என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அசையாமலிருக்கச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. பக்கத்தில் அண்ணி, இடுப்பில் கை வைத்தபடி.

"அட்டையோட ஓரத்தை எதிர்க்கட்டை இல்லாம வெட்டினா பிசிறடிக்கும். சுவருக்கும் அதேதான். சட்டத்தோட விளிம்பு வரைக்கும் பூசு" என்றார். நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

பூசினேன். விழவில்லை. பூச்சு சற்று இறுகியதும் சட்டத்தை வெடுக்கென்று இழுக்கப் போனேன்.

"இழுக்காதே! சுவரை ஒட்டியே பக்கவாட்டுல நகர்த்து."

நகர்த்தினேன். கீழிருந்து மேல்வரை ஒரே நேர்க்கோடாக ஓரம் நின்றது. ரெண்டு நாள் மண்டியிட்டும் வராதது.

அடுத்த நாள் பக்கச்சுவரின் முறை. இப்போது சட்டம் என் பக்கத்துப் பூச்சின் மேல் நிற்க வேண்டும். அது இன்னும் காயாமல் பச்சையாக இருந்ததால் ஆணியும் கூடாது, முட்டும் கூடாது. கையால்தான் பிடிக்க வேண்டும். நான் முன்பக்கம் நின்று இரண்டு கையாலும் பிடித்தேன். அண்ணி அந்தப் பக்கம் பூசினார். மூலை மறைத்ததால் அவர் முகம் தெரியவில்லை, கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. கையை விட்டுவிட்டு ஓடவும் வழியில்லை.

"அண்ணி, அந்தக் கேஸ்கட் என்கிட்டயேதான் இருந்துச்சு. நீங்க திருப்பிக் கொடுத்த மூடியைக் கழுவும்போது நானே கழட்டி, கரண்டி டப்பாக்குள்ள போட்டிருக்கேன். அன்னைக்கு ராத்திரியே கிடைச்சிடுச்சு. வந்து சொல்ல வெட்கமா இருந்துச்சு. நாள் ஆக ஆக இன்னும் வெட்கம்."

கரண்டி நிற்காமல் தேய்த்தது.

"தெரியும்."

"எப்படி?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சண்டை. திங்கக்கிழமை காலையில அஞ்சரைக்கு உன் குக்கர் மூணு விசில் அடிச்சுது. அந்நேரத்துக்கு எந்தக் கடைக்காரன் உனக்குக் கேஸ்கட் வித்தான்?"

நாலு வருஷமாக, தினமும் காலையில், என் பொய்யை நானே விசிலடித்து ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"விசில் கேக்குற சுவர்லதான் இருமலும் கேக்குது. என் தம்பி இருமுறான், உன் கரண்டி சத்தம் ரெண்டு நாளா விட்டு விட்டுக் கேக்குது. இதுல உன்னை எங்க நான் கோவிச்சுக்க? கையை ஆட்டாதே, கட்டை நடுங்குது."

நடுங்கத்தான் செய்தது. அழுகிறவள் கையில் மரச்சட்டம் எப்படி நேராக நிற்கும்? அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மூலையைச் சுற்றிக் கையை நீட்டி, என் விரல்களின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். சிமெண்டுக் கை. நடுக்கம் நின்றதும் போய்த் தன் வேலையைப் பார்த்தார்.

கடைசியில் ஈரத் துணியால் ஓரத்தின் கூர்மையை லேசாக மழுக்கினோம். ஒரு வாரம் இரு வேளையும் தண்ணீர் தெளித்தோம். காலையில் நான், மாலையில் அவர்.

பூசி முடித்த ஒன்பதாம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. நான் உள்மூலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காய்ந்த சுவர். கட்டிலில் அவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். இந்த மூச்சுச் சத்தத்துக்கு நான் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறேன் என்று யோசித்தால் ஒரே ஆள்தான் வந்து நின்றார்.

சுவரில் டொக் டொக்கென்று தட்டும் சத்தம். "என்ன, இருமலே கேக்கலை? ஆள் இருக்கானா, இல்லையா?"

"தூங்குறார் அண்ணி" என்றேன் சுவரில் வாய் வைத்து. "நீங்க இங்க வாங்க. குக்கர் வைக்கப் போறேன்."

"கேஸ்கட் இருக்கா?" என்று கேட்டது சுவர்.