காதுக்காரர் சொன்ன தீர்ப்பு

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். பட்டம் கொடுத்தவர்கள் பாதி கிண்டலாகத்தான் கொடுத்தார்கள். அவர் முழுதாக வாங்கிக்கொண்டார். அங்கே யார் ஹெட்போன் வாங்கினாலும் முதலில் அவரிடம் காட்டியாக வேண்டும். அவர் அதை மாட்டி, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "ம்... பரவாயில்ல" என்றால் வாங்கியவர் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பார். அப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் ரொம்பக் குறைவு.

அவருடைய தங்கை வக்கீல்களுக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கிறவள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள், பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்ய, கைக்கு அடக்கமான விலையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வேண்டுமென்று முதலில் அண்ணனிடம்தான் கேட்டாள். அவர் மூன்று வாரம் ஆராய்ச்சி செய்து, அவள் சொன்ன விலையைப் போல நாலு மடங்கில் ஒன்றைக் காட்டினார். "இதுக்குக் கீழ வாங்கறதும் ஒண்ணுதான், வாங்காம இருக்கறதும் ஒண்ணுதான்" என்று கதையை முடித்துவிட்டார்.

தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாலு வார்த்தை பேசுகிற இடத்தில் ஒன்று பேசுகிறவர். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்த கையோடு கடைக்குப் போய், மனைவிக்குப் பிடித்த ஒரே பாட்டை ஏழெட்டு ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்டார். கடைக்காரர் அலுத்துக்கொள்ளும் வரை நின்று, அவள் சொன்ன விலைக்குள்ளேயே ஒரு ஜோடியை வாங்கி வந்துவிட்டார். காதுக்காரருக்கு அது சுருக்கென்று தைத்தது. தன்னிடம் கேட்டுவிட்டு ஒரு மெக்கானிக்கின் காதையா நம்புவது?

மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். பெட்டியைப் பிரிக்கப் போன மெக்கானிக்கை, "விடுங்க மாப்ள, இது லிஃப்ட் இல்ல" என்று ஒதுக்கினார். ஒரு ஸ்பீக்கருக்குத்தான் கரண்ட்; அதிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு இரட்டை வயர் போகும். இரண்டின் முதுகிலும் சிவப்பு, கறுப்பு என்று இரண்டிரண்டு கிளிப். வயரின் இரண்டு இழையும் கறுப்புதான். ஒன்றில் மட்டும் தலைமுடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு; அந்த இழை இரண்டு முனையிலும் ஒரே நிறக் கிளிப்பில் போக வேண்டும். கோட்டைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. காதால் பேர் வாங்கின மனிதர், நாலு பேர் முன்னால் கண்ணாடியை எடுத்து மாட்டுவாரா? குத்துமதிப்பாகச் சொருகினார்.

பாட்டு வந்தது, ஆனால் உப்புச்சப்பில்லாமல் வந்தது. டிரம்ஸ் இருக்க வேண்டிய இடம் காலி. பாடுகிறவர் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவது போல இருந்தது. எதிர்வீட்டு டீச்சர் வேறு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். காதுக்காரர் மூடின கண்ணைத் திறந்தார்.

"தகர டப்பா" என்றார். "கடைக்காரன் நல்லா தலையில கட்டிட்டான் மாப்ள."

தங்கையின் முகம் வாடிவிட்டது. மெக்கானிக் ஸ்பீக்கரையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அப்படியா மச்சான்" என்றார்.

அதோடாவது விட்டாரா? அலுவலகத்தில் மதிய இடைவேளைக்கு அதை ஒரு கதையாக்கினார். "எங்க மாப்ள லிஃப்ட் வாங்கற மாதிரி ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்தார், மேலயும் போகல, கீழயும் வரல." எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரமும் ஒருவர் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவரும் கூச்சமில்லாமல் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனார். படியேறும்போதே பாட்டு எதிரே இறங்கி வந்தது. டிரம்ஸ் நெஞ்சில் தட்டியது, பாடுகிறவர் மூச்சு வாங்குவது கூடக் கேட்டது. கடைசியில் நம் பேச்சைக் கேட்டு வேறு வாங்கிவிட்டார்கள் என்று பூரித்துப்போனார். உள்ளே போனால், மேஜைமேல் அதே தகர டப்பா ஜோடி.

"எல்லாம் உன்னாலதான்ணே" என்றாள் தங்கை. "செவுத்த விட்டு கொஞ்சம் தள்ளி வைக்கணும்னு அன்னிக்குச் சொன்னியாமே. இவர் அப்படி வெச்சார், சரியாயிடுச்சு."

அப்படிச் சொன்னதாக அவருக்கு ஞாபகமே இல்லை. அவள் டீ போடப் போனதும் ஸ்பீக்கரின் பின்னால் எட்டிப் பார்த்தார், இந்தத் தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. வெள்ளைக் கோடு போட்ட இழையின் இரண்டு நுனியிலும் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. இரண்டும் சிவப்பு கிளிப்பில் இருந்தன.

அவருக்குக் காது மடல் சுட்டது. அன்றைக்கு ஒரு பக்கம் மாற்றிச் சொருகியது அவர்தான். மாற்றிச் சொருகினால் ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும், டிரம்ஸ் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். இது அவருக்குத் தெரியாததா? அலுவலகத்தில் எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறார். கேட்ட மாத்திரத்தில் பிடித்திருக்க வேண்டிய காது, மாப்பிள்ளை வாங்கினது மட்டமாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு உட்கார்ந்திருந்தது. அந்த லிஃப்ட் கதைக்கு எத்தனை பேர் சிரித்தார்கள் என்று நினைக்கவே உடம்பு கூசியது.

மெக்கானிக் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார்.

"மாப்ள, அந்த வயர்..." என்று இழுத்தார் காதுக்காரர்.

"டீ ஆறிடப் போகுது மச்சான், குடிங்க."

அதற்குள் எதிர்வீட்டு டீச்சர் வாசலில் வந்து நின்றார். "சார், நானும் இதே ஸ்பீக்கர்தான் வாங்கியிருக்கேன். டப்பாவையே பாட வெச்சுட்டீங்களாமே. நீங்களே வந்து மாட்டிக் கொடுங்க."

எதிர்வீட்டுக்குப் பத்தடி தூரம். "நான்தான் தப்பா மாட்டினேன்" என்பது மூன்றே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே தங்கை வந்தாள், மாப்பிள்ளை வந்தார், டீச்சர் வாய் நிறையப் புகழ்ந்துகொண்டே முன்னால் போனார். காதுக்காரர் மூன்று வார்த்தையையும் விழுங்கிவிட்டார்.

அங்கே வயரின் நுனிகளில் ஏற்கெனவே சிவப்பு டேப் சுற்றியிருந்தது. கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. பாட்டு கும்மென்று வந்தது.

"என்ன கைராசி சார் உங்களுக்கு" என்றார் டீச்சர்.

"ம்... பரவாயில்ல" என்றார் அவர். வாசலில் நின்ற மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது தங்கை படி வரைக்கும் வந்தாள். அவர் கையில் எதையோ வைத்து அழுத்தினாள். சிவப்பு டேப் சுருள்.

"இது எதுக்கும்மா?"

"வெச்சுக்கண்ணே. எல்லா வீட்லயும் முன்னாடியே ஒட்டி வைக்க ஆள் இருக்க மாட்டாங்க."

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"அன்னிக்கேதான். நீ தெருமுனை தாண்டறதுக்குள்ள இவர் மாத்திப் போட்டுட்டார். அண்ணன் மனசு கஷ்டப்படும், சொல்லாதன்னார். என்னிக்காவது நீயா சொல்லுவேன்னு நான்தான் பாத்துட்டிருந்தேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஊருக்குப் போகிறவரிடம் பத்திரமாகப் போ என்று சொல்கிற குரல்தான். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மேலே இரண்டு வீட்டிலிருந்தும் இரண்டு பாட்டு கேட்டது. இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. காதுக்காரர் டேப்பைப் பிடித்தபடி படியிலேயே நின்றார். கீழே இறங்கக் கால் வரவில்லை, மேலே போக முகம் இல்லை.